பிள்ளையின் கையில் வீட்டு வேலையைக் கொடுப்பது எப்படி? வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று வயதுப் பிள்ளை ஈர்க்கு விளக்குமாற்றை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வரும்போது நம் வீடுகளில் அதன் காதில் விழும் முதல் வார்த்தை, "தள்ளி நில் ராசா, நான் கெதியாக் கூட்டிப்போட்டு வாறன்" என்பதாகத்தான் இருக்கும். அதே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அதே தாய், "ஒரு துரும்பைத் தூக்கிப் போடமாட்டான்" என்று வேலிக்கு அங்கால் நிற்கும் அயலவரிடம் அலுத்துக்கொள்வார். ஆசை இருந்த காலத்தில் பிள்ளைக்குக் கை திருந்தவில்லை. கை திருந்திய காலத்தில் ஆசை போய்விட்டது. ஆகவே, கை திருந்தும் வரை காத்திராமல் ஆசை இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தே கீழே உள்ள எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அந்த ஆசை நாம் நினைப்பதை விட முந்தியே வந்துவிடுகிறது. பீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கல் தொமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், உடுப்புக் காயப்போடும் ஒருவர் கைதவறவிட்ட கிளிப்பை எட்டி எடுக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்த பதினெட்டு மாதக் குழந்தைகள், யாரும் கேட்காமலே அதை எடுத்துக் கொடுத்தார்கள். கொடிக்குக் கீழே தவழ்ந்து திரிந்த குழந்தையை உடைய எந்தத் தாய்க்கும் இது புதிய செய்தி அல்ல. ஆயினும் நாம் அதை விளையாட்டு என்று எண்ணி விட்டுவிடுகிறோம்.

வன்னியில் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்று சிறு பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரில் பலர், போர் முடிந்த 2009 இல் தாங்களே பிள்ளைகளாக இருந்தவர்கள்; தரப்பாள் கொட்டிலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சிக்கு நின்றவர்கள்; செட்டிகுளத்து முகாம்களில் பவுசர் வரும் வரை வெறும் வாளியோடு வெயிலில் வரிசை பிடித்தவர்கள். "நான் பட்டது போதும், என்ரை பிள்ளை ஒரு வேலையும் செய்ய வேண்டாம்" என்று அவர்கள் சொல்லும்போது அதை யாரும் இலேசாக மறுத்துவிட முடியாது. ஆனால் அன்று அவர்கள் தலையில் விழுந்தது ஒரு குடும்பத்தின் முழுச் சுமை. தாய் அருகில் நிற்க, தன் கைக்கு அளவான ஒரு வேலையைச் செய்து முடித்து, முடித்ததை ஒருவர் கண்டுகொண்டார் என்று அறியும் அனுபவம் அவர்களில் பலருக்குக் கிடைத்ததே இல்லை. நாம் இப்போது கொடுக்கப்போவது அதைத்தான்.

முதற்படி: வேலைகளை எழுதிப் பாருங்கள்

ஓர் இரவு, பிள்ளைகள் உறங்கிய பின், பழைய கொப்பித் தாள் ஒன்றில் காலை எழுந்தது முதல் படுக்கும் வரை வீட்டில் நடக்கும் வேலைகளை எல்லாம் எழுதுங்கள். "சமையல்" என்று ஒரே சொல்லில் எழுதினால் அதில் பிள்ளைக்கு இடம் இல்லை. வெங்காயம் உரித்தல், கருவேப்பிலை உருவுதல், அரிசியில் கல் பொறுக்குதல், தேங்காய் திருவுதல், உப்புப் பேணியை எடுத்த இடத்தில் வைத்தல் என்று உடைத்து எழுத வேண்டும். என் வீட்டில் இப்படி எழுதியபோது தாளின் இரு பக்கமும் நிறைந்துவிட்டது. அவற்றில் பாதிக்கு மேல் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையும் செய்யக்கூடியவை.

அவற்றிலிருந்து பிள்ளைக்கென்று ஒரு வேலையைத் தெரிவு செய்யும்போது, அந்த வேலை நடக்காவிட்டால் வீட்டுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே மடித்த துவாயை மறுபடி மடிக்கக் கொடுப்பதும், வெறும் பேணியைக் கழுவச் சொல்வதும் பிள்ளையை ஏமாற்றுவதாகும். நான்கு வயதுக்குள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கோழிக்குத் தண்ணீர் வைக்காவிட்டால் கோழி கத்தும். ஆகவே அது வேலை.

இரண்டாம் படி: பொருளைப் பிள்ளையின் அளவுக்குக் கொண்டுவாருங்கள்

1907 இல் உரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மொன்ரிசோரி தொடங்கிய சிறுவர் இல்லத்தில், கை கழுவுதல், தூசி துடைத்தல், உணவு பரிமாறுதல் போன்றவையே பயிற்சிகளாக இருந்தன. மேசையும் கதிரையும் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்யப்பட்டன. நம் ஊர்களில் முன்பள்ளியையே மொன்ரிசோரி என்று அழைக்கிறோம், ஆனால் வீட்டில் பிள்ளையின் துவாய் தொங்கும் ஆணியை மட்டும் தகப்பனின் தோளுயரத்தில் அடித்து வைத்திருக்கிறோம்.

இதற்குக் காசு தேவையில்லை. தேய்ந்த விளக்குமாறு ஒன்றின் ஈர்க்கைப் பாதியாகக் குறைத்து இறுக்கிக் கட்டி, தடியைப் பிள்ளையின் நெஞ்சளவுக்கு வெட்டிவிடலாம். பிள்ளையின் கோப்பையும் பேணியும் குசினியின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். துவாய்க்கும் புத்தகப் பைக்கும் அவர்களின் கண் மட்டத்தில் இரண்டு ஆணிகள் போதும். சப்பாத்து வைக்கும் இடத்தில் பழைய சாக்குத் துண்டு ஒன்றை விரித்துவிட்டால், "எங்கே வைப்பது" என்ற கேள்வி எழாது. பிள்ளைகளின் சோம்பல் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி எட்டாத ஆணியின் குற்றம் என்பது என் துணிபு.

மூன்றாம் படி: பழக்கும் முறை

முற்றம் கூட்டுவதையே எடுத்துக்கொள்வோம். வன்னியின் மணல் முற்றத்தில் அது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் உள்ளே நுட்பம் உடைய வேலை.

முதல் நாள் பிள்ளை பார்க்க நீங்கள் செய்யுங்கள். வழக்கமான வேகத்தில் பாதிக்குக் குறைத்து, செய்துகொண்டே விளக்கம் சொல்லாமல் செய்யுங்கள். கையையும் வாயையும் ஒரே நேரத்தில் கவனிப்பது சிறு பிள்ளைக்குக் கடினம். முதலில் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்து, புழுதி அடங்கும் வரை சிறிது நிற்க வேண்டும். பின்னர் வாசற்படியிலிருந்து தொடங்கி, பின்னோக்கி நடந்தபடி கூட்ட வேண்டும். முன்னோக்கி நடந்தால் கூட்டிய இடத்தில் கால் தடம் விழும். வேப்பிலையும் மாவிலையும் சேர்ந்த குவியலை மரத்தடியில் போட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவைத்தால்தான் வேலை முடிந்தது. எடுத்த இடத்தில் வைப்பதும் வேலையின் பகுதி என்பதை முதல் நாளே காட்டிவிட வேண்டும். பிறகு சேர்க்கப் பார்த்தால் அது தண்டனை போலத் தோன்றும்.

அடுத்த சில நாட்கள் இருவரும் சேர்ந்து செய்யுங்கள். நீங்கள் பெரிய பகுதி, பிள்ளை வாசற்படியைச் சுற்றிய சிறு பகுதி. அதன்பின் பிள்ளை செய்ய, நீங்கள் அருகில் வேறொரு வேலையோடு இருங்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கை நடுங்கும். கடைசியில் விட்டுவிடுங்கள். ஒரு வேலைக்கு இந்த நான்கு கட்டமும் சேர்ந்து மூன்று நான்கு வாரம் எடுப்பது வழக்கம். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைப் பழக்கத் தொடங்கினால் இரண்டும் குழம்பும்.

விட்டபின் வருவதுதான் கடினமான கட்டம். என் மூத்த மகள் ஐந்து வயதில் முதன்முதல் தனியாக முற்றம் கூட்டிய அன்று, விளக்குமாற்றுக் கீறல்கள் அலை அலையாக விழுந்திருப்பதைப் பார்த்தபடி திண்ணையில் இருந்தாள். மாமரத்தடியில் இலை அப்படியே கிடந்தது. அவளுடைய அம்மம்மா, நல்ல எண்ணத்தோடுதான், விளக்குமாற்றை எடுத்து அந்த இலையைக் கூட்டப் போய், வழியில் இருந்த கீறல்களையும் அழித்துவிட்டார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பத்து நாட்கள் விளக்குமாற்றைத் தொடவும் இல்லை. பிள்ளை செய்து முடித்ததை அதன் கண் முன்னால் மறுபடி செய்யாதீர்கள். குறை இருந்தால் மறுநாள் தொடங்குமுன், "இன்றைக்கு மாமரத்தடியிலிருந்து தொடங்குவோமா?" என்று கேட்டால் போதும்.

2 முதல் 4 வயது வரை

இந்த வயதில் வேலை என்பது உங்களோடு நடந்து திரிவதுதான். தோய்த்த உடுப்பில் ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது, கிளிப்பை நீட்டுவது, விளையாட்டுச் சாமான்களைக் கடகத்தில் போடுவது, சாப்பிட்ட கோப்பையைக் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பது, கோழிக்குக் கைப்பிடி குருணை தூவுவது ஆகியவை போதும். பயறு, உளுந்து, கச்சான் போன்றவற்றைப் பொறுக்கிப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். மூக்கிலும் காதிலும் போய்விடும், தொண்டையிலும் அடைக்கும். தண்ணீர் நிறைந்த வாளிக்கு அருகில் இவர்களை ஒரு கணமும் தனியே விடக் கூடாது. சிறு குழந்தை தலைகீழாக விழுந்தால் ஒரு சாண் தண்ணீரே உயிரைக் குடித்துவிடும்.

5 முதல் 7 வயது வரை

நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்யும் சொந்த வேலை ஒன்றை இந்த வயதில் கொடுங்கள். அது நேரத்தோடு அல்லாமல் இன்னொரு செயலோடு கட்டப்பட்டிருந்தால் நன்று. ஐந்து மணிக்கு என்று சொல்வதை விட, பள்ளிக்கூட உடுப்பு மாற்றியவுடன் என்று சொன்னால் நினைவில் நிற்கும்.

அரிசியில் கல் பொறுக்குவது இந்த வயதின் சிறந்த வேலை. சுளகில் இரண்டு சுண்டு அரிசியை ஓரமாகப் பரப்பி, விரலால் சிறிது சிறிதாக இழுத்து, கல்லையும் நெல்லையும் தனித்தனியே ஒரு சிரட்டைக்குள் போடக் காட்டுங்கள். முடிவில் எத்தனை கல் என்று எண்ணிச் சொல்லச் சொன்னால், எண்கணிதமும் போகிற போக்கில் வந்துவிடும். முட்டை எடுப்பது, வெங்காயம் உரிப்பது, தன் கோப்பையைத் தானே கழுவுவது, சப்பாத்துத் துடைப்பது, வீட்டுத் தோட்டத்தில் கத்தரிக்கும் வெண்டிக்கும் சிறு பேணியால் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் இதற்குள் அடங்கும். முட்டை வைக்கும் பெட்டிக்குள் கை விடுமுன் தடியால் தட்டி எட்டிப் பார்க்கப் பழக்குங்கள். குளிருக்கும் முட்டைக்கும் பாம்பு வரும்.

வாடை மழை தொடங்கியதும் இன்னொரு வேலை சேரும். ஞாயிறுதோறும் ஒரு பெரியவரோடு வளவைச் சுற்றி வந்து, தண்ணீர் தேங்கிய சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர், கோழித் தண்ணீர்ச் சட்டி ஆகியவற்றைக் கவிழ்த்து ஊற்ற வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் எடுக்கும் என்பதால், வாரம் ஒரு முறை என்ற கணக்குத் தவறக் கூடாது. பெரியவர்கள் காணாத சிரட்டைகளைப் பிள்ளைகள் காண்பார்கள்.

8 முதல் 11 வயது வரை

இப்போது ஒரு வேலையின் முழுப் பொறுப்பையும் கொடுக்கலாம். நினைவூட்டலும் குறையத் தொடங்க வேண்டும். என் இரண்டாவது பிள்ளைக்கு ஒன்பது வயதில் கோழிக்கூடு அடைக்கும் வேலை கொடுத்தேன். பின்னேரம் கோழிகள் எல்லாம் ஏறியபின் எண்ணிப் பார்த்து, கதவைச் சாத்தி, கொளுக்கி போட வேண்டும். நான்கு மாதம் ஒழுங்காக நடந்தது. ஒரு நாள் பந்து விளையாட்டில் மறந்துபோனான். இரவில் சத்தம் கேட்டு ரோச் லைற்றோடு போனபோது மரநாய் ஒன்று முட்டையிடும் பேடு ஒன்றை இழுத்துக்கொண்டு போய்விட்டிருந்தது. காலையில் அவன் வேலியோரம் சிதறிக் கிடந்த இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டான். நான் ஏசவில்லை, ஏசுவதற்கு அங்கே மிச்சம் எதுவும் இருக்கவில்லை. "இனி எத்தனை எண்ண வேணும், அம்மா?" என்று மட்டும் கேட்டான். "பதினொன்று" என்றேன். அன்று மாலையும் கூட்டை அடைக்கும் வேலை அவனிடமே இருந்தது. தவறியவுடன் வேலையைப் பறித்துக்கொள்வதுதான் நாம் செய்யும் பெரிய பிழை.

தேங்காய் திருவுதலை ஒன்பது பத்து வயதில் பழக்கலாம். திருவலைப் பலகையில் உறுதியாக இருந்து, பாதித் தேங்காயை இரு கையாலும் பிடித்து, விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். சிரட்டையின் கறுப்புத் தெரியத் தொடங்கியதும் இடத்தை மாற்ற வேண்டும். கடைசித் துண்டுப் பூவுக்காகப் போராடும்போதுதான் விரல் வெட்டுப்படும் என்பதால், முதல் மாதம் கால் பங்கு தேங்காய் சிரட்டையிலேயே மிஞ்சினாலும் பரவாயில்லை. தன் பள்ளிக்கூட உடுப்பைத் தோய்ப்பது, படுக்கை சுருட்டுவது, சைக்கிளில் அருகிலுள்ள சங்கக் கடைக்குப் போய் மிச்சக் காசை எண்ணி வாங்கி வருவது ஆகியனவும் இக்காலத்துக்கு உரியவை.

காலபோக நெல்லைப் படங்கில் காயவிடும் நாட்களில் காவலுக்கும் கிளறுவதற்கும் பிள்ளைகள் ஆசையோடு வருவார்கள். கால் பாதங்களை நெல்லுக்குள் புதைத்து, உழுவது போல நேராக நடந்து கிளறுவது அவர்களுக்கு விளையாட்டு. தலைக்குத் தொப்பியும், உச்சி வெயிலுக்கு முன் முடிப்பதும், பள்ளிக்கூடம் இல்லாத நாளாக இருப்பதும் உங்கள் பொறுப்பு.

தண்ணீர் சுமப்பதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பிள்ளையின் நிறையில் பத்தில் ஒன்றுக்கு மேல் தூக்கக் கொடுப்பதில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 25 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 5 லீற்றர்க் கானில் பாதிதான் அளவு. இருபது லீற்றர்க் கானை இழுத்து வரும் பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று பாராட்டும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.

கொடுக்கக் கூடாத வேலைகள்

விறகு பொறுக்கப் பிள்ளைகளைத் தனியே காட்டுக்கு அனுப்பாதீர்கள். மிதிவெடி அகற்றும் பணி பல இடங்களில் முடிந்திருந்தாலும், சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பதையும், மண்ணில் கிடக்கும் அடையாளம் தெரியாத இரும்பைத் தொடாமல், கல்லெறியாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் வேலை பழக்கும்போதே பழக்க வேண்டும். குப்பை எரிக்கும் வேலையும் பெரியவர்களுடையது. மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாத வளவில் தீ மூட்டுவது விளையாட்டல்ல.

கட்டில்லாத கிணற்றில் அள்ளுதல், முதலை உள்ள குளங்களின் அலைகரையில் மாடு கழுவுதல், பூச்சிமருந்து கலத்தலும் தெளித்தலும், அந்தப் போத்தல்களைக் கழுவுதல் ஆகியனவும் வேண்டாம். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றுங்கள். உதவி செய்யப் பழகிய பிள்ளை, தாகத்தோடு வரும் தம்பிக்கு அந்தப் போத்தலை எடுத்துக் கொடுக்கக்கூடும்.

வீட்டு வேலைக்கும் தொழிலுக்கும் உள்ள எல்லையை மறக்கக் கூடாது. இலங்கையில் 2016 முதல் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. 2021 இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்காகப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் விட்டாலோ, பிறர் வீட்டில் கூலிக்கு நின்றாலோ அது வீட்டு வேலை ஆகாது. அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929 க்கு அறிவிக்கலாம்.

மறதி, காசு, அண்ணனும் தங்கையும்

வேலைக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதே என் முடிவு. மேலே சொன்ன இரு ஆய்வாளர்களும் 2008 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், உதவி செய்ததற்குப் பொருள் பரிசாகப் பெற்ற இருபது மாதக் குழந்தைகள், பரிசு நின்றபின், ஒன்றும் பெறாத குழந்தைகளை விடக் குறைவாகவே உதவினார்கள். கைச்செலவுக் காசு கொடுக்க முடிந்தால் கொடுங்கள், ஆனால் அதை வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள். பாராட்டும் அளவோடு இருக்கட்டும். "வெங்காயத்தைச் சின்னதாக அரிந்திருக்கிறாய், சம்பல் நன்றாகச் சேர்ந்திருக்கு" என்று வேலையைக் குறித்துச் சொல்வது, "என்ரை செல்லம்" என்று பத்து முறை சொல்வதை விடப் பிள்ளைக்கு உறைக்கும்.

மறந்தால் ஒரு முறை மட்டும் நினைவூட்டுங்கள். கேள்வியாகக் கேட்பதில் பலன் உண்டு: "கோழி எல்லாம் ஏறிவிட்டதா?"

அண்ணன் சாப்பிட்ட கோப்பையைத் தங்கை கழுவும் வழக்கத்தை இந்த வழிகாட்டியில் எந்த வயதிலும் சேர்க்கவில்லை. ஐந்து வயதிலிருந்து அவரவர் கோப்பை அவரவர்க்கு. தகப்பனும் தன் கோப்பையைக் கழுவினால், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் ஆண்டில் எல்லா வேலைகளையும் நிறுத்திவிடும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. பத்து நிமிட வேலை ஒன்றையாவது விட்டுவையுங்கள், படித்துக் களைத்த தலைக்கு அது காற்றுப்பட்டது போல இருக்கும்.

12 வயதுக்குப் பிறகு

பெரியவர் அருகில் நிற்க அடுப்பில் தேநீர், பிறகு சோறு, பிறகு சொதி என்று ஏறலாம். பதினான்கில் ஒரு நேரச் சாப்பாட்டைத் தானே திட்டமிட்டு, சாமான் பட்டியல் எழுதி, வாங்கி, சமைக்கக்கூடியவராக ஆணும் பெண்ணும் இருக்க வேண்டும். மின்கட்டணப் பட்டியலைப் படிக்கவும், மாதச் செலவைக் கொப்பியில் எழுதவும் விடுங்கள். குடும்பத்தின் பணக் கவலை முழுவதையும் அவர்கள் தலையில் இறக்காதீர்கள்.

இந்த வயதில் பழைய வேலைகள் சலிக்கும். அப்போது மூத்தது தன் வேலையை இளையதுக்குப் பழக்கிக் கொடுக்கட்டும்; அதே நான்கு கட்டமும் அங்கேயும் பொருந்தும். என் மூத்தவள் முற்றத்தைத் தம்பிக்குக் கையளித்தபோது, "முன்னுக்கு நடக்காதை, பின்னுக்கு நட" என்று திண்ணையிலிருந்து சத்தமிட்டாள். நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. இளையது இரண்டு வாரமாவது தொடர்ந்து செய்யும் வரை மூத்ததற்குப் புதிய வேலை எதையும் கொடுக்காதீர்கள். விளக்குமாற்றுத் தடியையும் மறுபடி ஒரு சாண் குறைக்க வேண்டி வரும்.